அம்மன் படம் போட்ட நோட்டீஸ்

குப்பைமேனி இலையைச் சுண்ணாம்போடு அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்துச் சேற்றுப்புண்ணுக்குப் போடுவது தன் கண்டுபிடிப்பு என்று ஒரு மருந்து கம்பெனி காப்புரிமை கேட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அத்தனை பேர் காலிலும் இருந்த மருந்து அது!

"எல்லாருக்கும் தெரியும்னு சொன்னா எடுபடாதுக்கா," என்றாள் சிரம்பானில் லாயராக இருக்கும் நிரஞ்சனா. "அவங்க மனு போடறதுக்கு முன்னாடியே அச்சுல வந்திருக்கணும். தேதியோட ஒரு காகிதம் கொடுங்க, மனுவை உடைச்சிடலாம்."

தோட்டமே இப்போது இல்லை. காகிதத்துக்கு எங்கே போவது? சட்டென்று தோட்டத்துக் கோயிலின் தீமிதித் திருவிழா நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. தீ மிதிப்பவர்களுக்கான குறிப்பில் இந்த மருந்தையும் போடுவார்கள். அம்மன் படம் இருப்பதால் எங்கள் ஆட்கள் அதைத் தூக்கி எறியவே மாட்டார்கள்!

வேலை முடிந்ததும் செனாவாங்கில் இருக்கும் அண்ணன் குணாளன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினேன். அவர் சாமி மேடைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டீஸ் கட்டையே உருவினார்.

"இந்தா லா, எண்பத்து நாலாம் வருஷத்து நோட்டீஸ்!"

நிரஞ்சனாவைப் போனில் பிடித்து வாசித்தேன்.

"தீ மிதிப்போர் கவனத்திற்கு. சேற்றுப்புண் உள்ளவர்கள் குப்பைமேனியைச் சுண்ணாம்போடு அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து மூன்று நாள் போடவும். புண்ணோடு குழியில் இறங்கக் கூடாது."

"தேதி?" என்று கத்தினாள்.

"இருக்கு! அச்சகத்துப் பேரும் இருக்கு!"

"வேற ஏதாச்சும் போட்டிருக்கா?"

கடைசி வரியையும் வாசித்தேன்.

"இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சோம்பேறிகளுக்காக அச்சிடுகிறோம். இப்படிக்கு, கோயில் நிர்வாகம்."