மாமரத்து நிழலில் ஆடாதொடை

நடவு இல்லாத வருஷத்திலும் அமிர்தத்துக்கு இடுப்பு வலித்தது. குனிந்தே பழகிய இடுப்பு. நிமிர்ந்து நின்றாலும் வலி, குந்தினாலும் வலி. ஹஸ்ஸான் பாய் வீட்டு மாமரத்தடியில் குந்தி, செத்துப்போன குரோட்டன்ஸ் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு செடி. நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

காவேரியில் தண்ணீர் வராத இரண்டாவது வருஷம் அது. குறுவை போயிற்று, சம்பாவும் சந்தேகம். அவள் புருஷன் துரைராசு ஆடியிலேயே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். நீயும் வந்துவிடு என்று பக்கத்து வீட்டு போனில் வாரா வாரம் கூப்பிட்டான். போகலாம். போனால் மகள் வானதியின் பத்தாம் வகுப்பு பாதியில் நின்றுபோகும். பங்குனியில் பரீட்சை. அதுவரை உள்ளூரில் ஒரு வேலை வேண்டும்.

அந்த வேலை இந்த மாமரத்தடியில்தான் இருந்தது. ஹஸ்ஸான் சவூதியில். அவர் மனைவி ஷம்சாத் சொல்லியிருந்தாள்: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் லீவில் வருவார், அதற்குள் இந்த இடம் பச்சையாகிவிட்டால் தோட்ட வேலைக்கு அமிர்தமே, மாதச் சம்பளத்துக்கு. ஆகாவிட்டால் வேறு ஆள்.

ஷம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வந்தாள். செடிக் குவியலைப் பார்த்தாள்.

"எல்லாம் போச்சா?"

"போச்சுங்க பாயம்மா."

"அவரு போன்ல என்ன கேக்குறாரு தெரியுமா? இங்க மணல்லயே ரோட்டோரம் பச்சப்பசேல்னு நிக்குது, காவேரிக்கரையில உங்களால ஒரு செடி வளர்க்க முடியலையாங்குறாரு."

"காவேரி எங்கங்க இருக்கு இப்ப? அங்கயும் மணலுதான்."

ஷம்சாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஜன்னலைத் திறந்தா மொட்டை மண்ணும் சுவரும்தான் தெரியுது. பதினெட்டு வருஷமா மண்ணையே பார்த்துட்டேன், வீட்டுலயும் அதையே பார்க்கணுமாங்குறாரு. அவரு அங்க செடிக்குத் தண்ணி விடுற வேலைதானே."

"சூப்பர்வைசர்னுல்ல ஊர்ல சொல்றாங்க?"

"சொல்றவங்க வாயை நான் எதுக்கு மூடணும்?"

வீட்டு மாடி இன்னும் பூசாமல் செங்கல்லாக நின்றது. சுற்றுச்சுவரை மட்டும் முதலில் முடித்துவிட்டார்கள். ஆளுக்கு மேல் உயரம், உச்சியில் கண்ணாடிச் சில்லு. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மாமரம். வெயில் தரையைத் தொடாது. தூறல் விழுந்தாலும் இலையோடு நின்றுவிடும். கொஞ்சநஞ்ச ஈரத்தையும் வேர் குடித்துவிடும். போர் தண்ணீர் இறங்கிவிட்டதால் மோட்டாரும் காலையில் அரைமணிதான்.

அமிர்தம் கடைசிச் செடியைப் பிடுங்கினாள். வேரோடு ஒரு கட்டி மண் வந்தது. அரிவாளின் முதுகால் தட்டினாள், உடையவில்லை. ஓங்கிப் போட்டாள். சுட்ட செங்கல் மாதிரி ஓரம்தான் பெயர்ந்தது. அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நடுவதற்கு முன்னால் தான் என்ன செய்தோம் என்று நினைவு வந்தது. குடம் குடமாக ஊற்றி, சேலையைத் தூக்கிச் செருகி, மண்ணைச் சேறாக மிதித்துத்தான் நட்டாள். எட்டு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த நடவு அது ஒன்றுதான். வயலில் மேலே தண்ணீர் நிற்கும். இங்கே சேறு காய்ந்து செடியின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

"குத்தம் செடி மேல இல்லைங்க பாயம்மா. சேறாக்கி மிதிச்சுட்டேன். நெல்லுன்னு நினைச்சிடுச்சு காலு."

"நல்லா நினைச்சுது. இன்னொரு தடவை குரோட்டன்ஸ் வாங்கித் தர என்னால ஆகாது. வேற என்ன வைப்ப?"

"பார்க்குறேங்க" என்றாள். என்ன வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

தெரிந்தது, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில். சாலையோரப் புளியமரத்தின் கீழ் காத்தாயியின் கொல்லை. அடிபைப்பிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றி, கீரையும் கத்தரியும் போட்டுப் பாபநாசம் கடைத்தெருவில் விற்கிற கிழவி. கொல்லையைச் சுற்றி நாற்பது முழத்துக்கு ஆடாதொடை வேலி. அதற்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. புளியமர நிழலில், பாளம் வெடித்த மண்ணில், கரும்பச்சையாக நெஞ்சு உயரம் நின்றது. கசப்புக்குப் பயந்து ஆடு வாய்வைக்காத இலை. தினம் பார்த்த வேலிதான். அமிர்தம் அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள்.

"அக்கா, இதுல எரநூறு குச்சி வேணும்."

"வேலியை வெட்டிக் குடுத்துட்டு நான் என்ன, புடவையைச் சுத்திக் கட்டவா?"

"முழங்கால் உசரம் விட்டு வெட்டிக்கிறேன். தை பொறந்தா தழைஞ்சுடும். தழையாத எடத்துல நானே நட்டுத் தரேன்."

"தை வரைக்கும் ஆடு காத்துக்கிட்டு நிக்குமாடி?"

"முள்ளு வெட்டிப் போடுறேன்க்கா. இந்த வேலை கிடைக்கலைன்னா நான் திருப்பூரு போகணும். வானதி படிப்பு போயிடும்."

காத்தாயி கீரைக்கட்டை உதறி வாழைநாரால் இறுக்கினாள். அடுத்த கட்டையும் இறுக்கி ஓரத்தில் வைத்தாள்.

"வெட்டிக்க. ஆனா பாக்கி பாக்கிதான். நாப்பது முழம்."

இந்தத் தடவை அமிர்தம் தண்ணீரைத் தொடவில்லை. கடப்பாரையால் குத்திப் பார்த்து, மாமர வேர் இல்லாத இடமாக ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்தாள். கட்டி மண்ணை அள்ளி வெளியே கொட்டினாள். மக்கின இலை, சாணித் தூள், ஆற்று மணல், உமி எல்லாம் கலந்து பொலபொலவென்று நிரப்பினாள். நாலு கணுக் குச்சி. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. வரிசை பிடிக்கவில்லை, மாமர வேர் இடைவெளி விட்ட இடத்தில் ஊன்றினாள். மேலே காய்ந்த மாவிலையை மெத்தையாகப் பரப்பினாள். மறுநாள் வந்து பார்த்தால் ஷம்சாத் அத்தனையையும் பெருக்கிக் குவித்து வைத்திருந்தாள்.

"குப்பையா கெடந்துச்சு, அமிர்தம்."

"ஈரம் காயாம இருக்கத்தாங்க போட்டேன்." மறுபடி பரப்பினாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், குச்சிக்கு ஒரு டம்ளர். அதற்கு மேல் ஊற்றச் சொல்லிக் கை பரபரத்தது. செம்பை எட்டத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். இருபத்தாறாம் நாள் ஒரு கணுவில் அரிசி அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஐப்பசி மழை வந்தபோது முக்கால்வாசிக் குச்சியில் இலை இருந்தது.

அதே ஐப்பசியில் ஆடுகள் முள்ளைத் தள்ளிக்கொண்டு காத்தாயியின் கொல்லைக்குள் இறங்கின. கீரைப்பாத்தி மொத்தமும் போயிற்று. துரத்தப் போய் காத்தாயி விழுந்து முழங்கால் சிராய்ந்துவிட்டது. அமிர்தம் மஞ்சள் அரைத்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அந்த வீட்டுக்குள்ள ஆடு வருமாடி?" என்று கேட்டாள் காத்தாயி.

"எப்படிக்கா வரும்? அவ்வளவு பெரிய சுவரு. மேல கண்ணாடி வேற."

"அப்புறம் அங்க எதுக்கு ஆடாதொடை?"

அமிர்தம் காயத்தில் மஞ்சளை வைத்து அழுத்தினாள்.

தை கடைசியில் ஹஸ்ஸான் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, ஜன்னலைத் திறந்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்து குந்தினார். மாவிலையை விலக்கி, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டு எடுத்து, நுனியை முகர்ந்தார். தொடை உயரத்துக்குப் பச்சை. இரண்டொரு நுனியில் வெள்ளைப் பூ.

"தண்ணியைக் கம்மி பண்ணித்தான் வளர்த்தீங்களா?"

"ஆமாங்க பாய். மொதல்ல ஊத்தித்தான் கொன்னேன்."

"நான் அங்க போன புதுசுல முந்நூறு செடியைக் கொன்னேன். ரெண்டு மாசச் சம்பளத்தைப் பிடிச்சுட்டான்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாளையிலேருந்து வந்துடுங்க. காலையில ஏழு மணி."

அன்று மத்தியானமே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடிகளின் தலைப்பை நூல் பிடித்த மாதிரி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

"லீவுலயுமா?" என்று ஷம்சாத் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"கை கேக்க மாட்டேங்குது."

விழுந்ததில் இளங்குச்சிதான் நிறைய. இளசு வேர் பிடிக்காது. அமிர்தம் கிளறிக் கிளறி, தோல் முற்றிய குச்சியாகப் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றினாள். எண்ணினாள். முப்பத்தொன்று.

வேலை முடிந்து புளியமரத்தடிக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது. வெட்டின வேலியில் பதினெட்டு முழம் தழைத்து இடுப்புக்கு வந்திருந்தது. மீதி கட்டை பட்டுப்போயிருந்தது. பட்டுப்போன இடத்தில் காத்தாயி ஒரு செங்கல்லைப் போட்டு, மடியில் கம்போடு உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புதுக்கீரை இரண்டு விரற்கடை முளைத்திருந்தது.

"வேலை கிடைச்சுடுச்சுக்கா."

"தெரியும். மூஞ்சியில எழுதியிருக்கு. கொண்டாந்தியா?"

அமிர்தம் குந்தி, மண்ணைப் பொலபொலவென்று கிளறி, முப்பத்தொரு குச்சியையும் ஊன்றினாள். கையை மடக்கி அளந்தாள். ஆறு முழம் வந்தது. மிச்சம் திறந்து கிடந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. காத்தாயி வாளியைக் கீழே வைத்துவிட்டு, செங்கல்லை நகர்த்திப் போட்டு, திறந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

காத்தாயிக்கு இன்னும் பதினாறு முழம் வேலி பாக்கி.