முயலும் பந்தும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, எங்கள் ஒக்கிசோபி ஏரியின்மேல் ஆணை.

ஜெவோன் ஒரு பொடியன். எறியும் பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டுவது, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் வேலை. அறுவடைக்கு முன் சருகை எரிக்கக் கரும்புக்காட்டுக்குத் தீ வைக்கும்போது தப்பியோடும் முயல்களை வெறுங்கையால் பிடித்துப் பழகியவன். ஆனாலும் கல்லூரி அணிக்கு ஆள் தேடி வந்த ஹோல்கம் அவனைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி கேன் உசரம்கூட இல்ல. இவன் எங்க ஸ்டார் ஆவுறது? ஒரு இடி இடிச்சா நசுங்கிருவான்."

"இடிக்கணும்னா மொதல்ல புடிக்கணுமே சார்," என்றார் ஜெவோனின் கோச் டூப்ரீ.

இந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தை விட்டால் ஜெவோனுக்குக் கல்லூரிக்குப் போக வேறு வழியில்லை. பந்து கிளம்பியதும் பாய்ந்தான். அவன் நின்றிருந்த இடத்தில் எதிரணியார் நான்கு பேர் விழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவனுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. அந்நேரம் பார்த்து, பக்கத்துக் காட்டுத் தீக்குப் பயந்து ஒரு முயல் மைதானத்துக்குள் ஓடிவந்தது. இடக்கையில் முயலும் வலக்கையில் பந்துமாகக் கோட்டைத் தாண்டினான்.

ஹோல்கம் தொப்பியை வீசிவிட்டு ஓடிவந்தார். "தம்பி, எங்க காலேஜுக்கு வந்துருடா! அந்த முயலையும் கூட்டிட்டு வா!"

"நான் வர்றேன் சார். முயல் வராது. அது இன்னிக்கு ராத்திரி வறுவல்."

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கொட்டிய மழையில் ஆட்டம் நடக்கவே இல்லை.