தப்பும் வழி

அந்தக் கப்பலின் கேப்டன் சிரித்த சிரிப்பே ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை. ஏறி வந்ததும் காபி, குளிர்ந்த அறை, "மெதுவா பாக்கலாம் மேடம், என்ன அவசரம்?" என்ற உபசாரம்.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் உயிர்காக்கும் படகு, தீயணைப்புப் பம்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. இந்தக் கப்பலில் கொடிதான் வெளிநாடு, ஆட்கள் நம்மூர்க்காரர்கள். குறை பெரிதென்றால் கப்பலை நிறுத்தி வைக்கலாம். "வீட்டுக்கு வந்ததும் கேஸ் டியூபைத்தான் பாக்குறா. ஒருநாள் என்னையும் நிறுத்தி வெச்சிடுவா" என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

கூட வந்த மூத்த அதிகாரி எதையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர். அலுவலகத்தில் அவர் பெயரே சுத்தியல். "நீ இன்ஜின் ரூமைப் பாரும்மா. நான் மேல கரண்டை நிறுத்தி, எமர்ஜென்சி ஜெனரேட்டர் ஓடுதான்னு பாக்குறேன்" என்று போய்விட்டார்.

கீழே ஜெனரேட்டர்களின் இரைச்சலில் காது அடைத்தது. தலைமை இன்ஜினியர், நரைத்த தலைக்காரர், கேட்டதையெல்லாம் காட்டினார். ஒரு மூலையில் இருந்த இரும்புக் கதவை மட்டும் தாண்டிப் போனார்.

"இது தப்பிக்கிற வழிதானே?"

தீப்பிடித்து மாடிப்படி அடைபட்டால், ஆட்கள் அந்தக் கதவுக்குள் நுழைந்து, கிணறு போன்ற குறுகிய கூண்டின் ஏணியில் மேல்தளத்துக்கு ஏற வேண்டும்.

"ஆமா மேடம். உள்ள ஒரே கிரீஸ். டிரஸ் பாழாயிடும்."

"பரவால்ல சார்." அவள் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள்.

"மேடம், நில்லுங்க!" அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே நுழைந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ இழுவைப் படகு போனது. கப்பல் லேசாகச் சாய, கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே விளக்கு இல்லை. டார்ச்சை அடித்தாள். கதவின் உட்புறம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

"உடஞ்சு போச்சு மேடம். அதான் ஓடி வந்தேன்."

அவள் விறுவிறுவென்று ஏணியில் ஏறி மேல்மூடியைத் தோளால் முட்டினாள். அசையவில்லை. மறுபடி முட்டினாள். எலும்புதான் வலித்தது.

"தொறக்காது மேடம்." கீழிருந்து அவர் குரல் கம்மியது. "மூடி மேல கனமான வடக்கயிறு அடுக்கியிருக்காங்க. எடுக்கச் சொன்னேன். கேப்டன், துறைமுகம் தாண்டினதும் பாத்துக்கலாம்னுட்டார். எனக்கும் வாய் வரல. இந்த வயசுல இன்னொரு கப்பல்ல யார் சேத்துப்பா?"

அவள் இறங்கி வந்து கதவைக் கையால் அறைந்தாள், கத்தினாள். இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. செல்போனில் சிக்னல் இல்லை. சூடான எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. சுவர் நெருங்கி வருவதுபோல் இருந்தது. வராது என்று தெரியும். தெரிந்தும் இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இப்போது தீப்பிடித்தால்? இந்தக் கூண்டுக்குள் இத்தனை ஆட்களும் ஒருவர் மேல் ஒருவராக ஏறி, அந்த மூடியை முட்டி முட்டி... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

திடீரென்று எல்லா ஓசையும் அடங்கியது.

"என்னாச்சு?" என்று கேட்டாள்.

"உங்க சார் கரண்டை நிறுத்திட்டார். இப்பத்தான் மேடம் கேக்கும், அடிங்க!"

அவள் டார்ச்சின் அடியால் கதவை மூர்க்கமாக இடித்தாள். அவர் பூட்ஸ் காலால் உதைத்தார். டார்ச் அணைந்தது. கும்மிருட்டிலும் இடித்தாள். வெளியே யாரோ, "எவன்டா அது உள்ள?" என்றார்கள். கதவு திறந்தது. எண்ணெய்க் கறை படிந்த முகம் ஒன்று கைவிளக்கோடு எட்டிப் பார்த்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டது. கேப்டன், "சின்ன விஷயம் மேடம், கயிறுதானே" என்று குழைந்தார். அவள் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட அவளால் முடியவில்லை. கணவன் அதை வைத்துக் கேலி செய்யவில்லை. அவள் குளித்து வரும்வரை வெளியே நின்று, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தான்.

பழுது பார்த்தாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கப்பலிலிருந்து தகவல் வந்தது.

"நான் ஏறிப் பாக்குறேன்மா" என்றார் சுத்தியல்.

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "வேணாம் சார். நீங்க மேல நில்லுங்க."

கீழே, கதவின் உட்புறம் புதுக் கைப்பிடியும் கூண்டுக்குள் புது விளக்கும் மின்னின. கேப்டன் பக்கத்தில் நின்றார்.

"நீங்க முன்னாடி ஏறுங்க கேப்டன். நான் பின்னால வரேன்."

"நானா?"

"நீங்கதான். சீஃப், கதவைச் சாத்துங்க."

தலைமை இன்ஜினியர் தயங்கினார். "சாத்தவா மேடம்?"

"சாத்துங்க. லைட்டையும் அணைங்க."

இருட்டில் கேப்டனின் மூச்சு இரைவது கேட்டது. அவளுடைய நெஞ்சு அதைவிடப் பலமாக அடித்தது. ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஒருமுறை அவர் செருமிக்கொண்டு நின்றுவிட்டார். "ஏறுங்க" என்றாள், அது அவளுக்கே அவள் சொன்னதுபோல் இருந்தது.

மூடி திறந்தது. வெயில் கொட்டியது. கேப்டன் தவழ்ந்து வெளியேறினார்.

அவள் தலை வெளியே வந்துவிட்டது. கைதான் ஏணியை விட மறுத்தது. சுத்தியல் குனிந்து, இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"விடும்மா. வந்தாச்சு, விடு."