ஜேக்கப்பின் பல் எந்த வெள்ளை

1

இதை எழுதக் காரணம் ஒரு போன். ஸ்ரீரங்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரங்கநாதன் கூப்பிட்டு, "கல்யாண ஆல்பத்துல சார் சிரிக்கிற படம் ரெண்டு விதமா இருக்குங்கம்மா. பல்லை வெளுப்பாக்கினது ஒண்ணு, எடுத்தது எடுத்தபடி ஒண்ணு. எதைப் போடட்டும்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, யோசிப்பதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியமும் அந்தப் படம்தான். ஒரு புதன்கிழமை காலை என் கணவர் போனில் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்.

"டெல்பின், இது என் பல்லா?"

"உங்க வாய்க்குள்ள இருக்கு. அப்ப உங்க பல்லுதான்."

"இல்ல. நேர்ல போய் ரங்கநாதன்கிட்ட பேசிட்டு வரேன்."

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சரி என்றேனா என்று ஞாபகமில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான். மீதி முழுக்கப் பல்.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

ஜேக்கப்புக்குச் சிரிப்பு என்றால் உயிர்— (பொய்.)

பற்கள் மனிதனுக்கு இயற்கை அளித்த— (பற்பசை விளம்பரம்.)

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது— (இப்படி எழுதினால் எழுந்து போய் முகம் கழுவ வேண்டியிருக்கிறது. ஆகவே கதைக்குள் 'நான்' வேண்டாம். அவர் ஜேக்கப், அவர் மனைவி டெல்பின். நான் அடைப்புக்குறிக்குள் இருந்துகொள்கிறேன்.)

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில், வேட்டிப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் நின்று ஓய்வு பெற்றவர் ஜேக்கப். வெள்ளையில் பதினோரு வெள்ளை உண்டு என்பார். அவர் பல் அதில் எதிலும் சேராது. நாளைக்கு ஆறு காபி குடித்துக் குடித்து அதற்கு ஒரு தனி நிறம் வந்திருந்தது. அதனால் போட்டோ என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

மகள் ஜெஸ்லினின் நிச்சயதார்த்தப் படங்களிலும் அப்படித்தான். படத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டில், "மாமாவுக்கு இந்த சம்பந்தத்துல இஷ்டமில்லையா?" என்று கேட்டுவிட்டார்கள்.

"அப்பா, கல்யாணத்துல நீங்க பல்லு தெரிய சிரிக்கணும்," என்றாள் ஜெஸ்லின். "இல்லேன்னா அவங்க நினைச்சதே நிஜம்னு ஆயிடும். நான் அந்த வீட்டுல போய் வாழணும்."

ஜேக்கப் அன்றைக்கே எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

3

ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்தாலே கூசியது. ஜெஸ்லின் அவரைத் தென்னூரில் பல் டாக்டர் ஜீனத்திடம் இழுத்துப் போனாள்.

"எலுமிச்சம்பழம் பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கத்தான் சார்," என்றார் டாக்டர். "பல்லு மேல இருக்கிற எனாமலை அரிச்சிடும். போனா திரும்ப முளைக்காது. இத யாரு சொன்னா உங்களுக்கு?"

"போன்ல ஒருத்தர் சொன்னார் டாக்டர்."

"அவரு பல்லு டாக்டரா?"

"சமையல் மாஸ்டர்."

டாக்டர் உடனே வெளுக்க ஆரம்பிக்கவில்லை. முதலில் பல்லில் படிந்திருந்த காறையை எடுத்தார், ஒரு சொத்தையை அடைத்தார், கூச்சம் அடங்க ஒரு பேஸ்ட் கொடுத்தார். அதன்பிறகு, வெவ்வேறு வெள்ளையில் பல் அச்சுகள் கோத்த ஒரு பட்டையை ஜேக்கப்பின் வாயருகே பிடித்து நிறம் பார்த்தார். ஜேக்கப்புக்கு அந்த வேலை தெரியும்.

"இது சந்தனம். இது ஹாஃப் ஒயிட். கடைசியில இருக்கே, அது கக்கூஸ் பேசின் கலர். அது வேண்டாம் டாக்டர்."

"அது உங்களுக்கு வரவும் வராது சார். ரெண்டு படி ஏறினா போதும்."

அவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரே ஒன்று வந்தது, கூடவே ஊசிக்குழாயில் ஜெல். பல்லுக்கு ஓர் அரிசி அளவு, தினம் இரண்டு மணி நேரம், பதினான்கு நாள். ஈறில் வழிந்தால் துடைக்க வேண்டும், எரிந்தால் நிறுத்திவிட்டுப் போன் பண்ண வேண்டும். அதுவரை காபி, சாம்பார், பீட்ரூட் கூடாது.

(டாக்டர் சொன்னது அரிசி. வேட்டி விற்றவர் அதைப் பொன்னியா, இட்லி அரிசியா என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.)

4

மூன்றாம் நாள் ஜேக்கப் அரிசியைப் பட்டாணியாக்கினார். நிறைய வைத்தால் சீக்கிரம் வெளுக்கும் என்று கணக்கு. வெளுத்தது ஈறு. டாக்டர் போனிலேயே திட்டி மூன்று நாள் நிறுத்திவைத்தார். பிறகு அவர் ஒழுங்காக இருந்தார். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ட்ரே. மூன்று வேளையும் தயிர்சோறோ, தேங்காய்ச் சட்னியோடு இட்லியோதான்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பிருக்கும் காலம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

கோயில் மாதர் சங்கத்துச் சகாயம்மாள் ஒரு நாள் ஆறரைக்கு வந்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துல நீங்கதான் வாசிக்கணும்."

ஜேக்கப் வாயைத் திறந்தால் ஜெல் வழியும். உதட்டின் மேல் விரலை வைத்து, தலையை ஆட்டி, ட்ரே டப்பா இருந்த சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சட்டைப் பை நெஞ்சில் இருந்தது. சகாயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காபி குடிக்கிறாராண்ணி?" என்று டெல்பினிடம் மெதுவாகக் கேட்டாள்.

"விட்டுட்டார்."

"சாப்பாடு?"

"வெறும் தயிர்சோறு."

ஞாயிறு பூசைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜேக்கப் அண்ணன் சாயங்காலமானால் மௌன விரதம். மறுநாளே சகாயம்மாள் தன் கொழுந்தனாரின் சிறுநீரகக் கல்லுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னாள். ஜேக்கப் ட்ரேயோடு தலையை ஆட்டினார். வியாழக்கிழமை திரும்பி வந்தாள்.

"கல்லு வெளிய வந்துடுச்சு அண்ணி."

(சகாயம்மாளைக் கேலிச் சித்திரமாக்குகிறேனோ என்று சந்தேகம். அந்தக் கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டினாள் என்பதை விட்டுவிட்டேன். அவர் போனபின் ஒரு வாரம் எனக்குச் சோறு கொண்டுவந்தவளும் அவள்தான். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.)

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் டெல்பின். அறுபது வயதில் பல் வெளுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்றார் ஜேக்கப். கடைசியில் கோயிலுக்குப் போய், பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். கடவாப் பல்லு வரைக்கும் தெரிஞ்சுது. அவருக்கும் மஞ்சள்தான்."

5

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கல்யாணம். ஜேக்கப்பின் பல் சரியாக இரண்டு படி ஏறியிருந்தது. மேடையில், சம்பந்திக்குப் பக்கத்தில், ரங்கநாதனின் கேமராவுக்கு எதிரே அவர் சிரித்தார். முப்பது வருடமாக உதட்டுக்குள் வைத்திருந்த சிரிப்பு. சம்பந்தியா இது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

ஆல்பத்துக்கு முன்னோட்டமாகப் படங்கள் ஜேக்கப்பின் போனுக்கு வந்தன. அவர் பல் பளீரென்று இருந்தது.

"கக்கூஸ் பேசின் கலர்," என்றார். "ரங்கநாதன் கம்ப்யூட்டர்ல பூசிட்டான். இதுக்கா நான் மூணு வாரம் தயிர்சோறு தின்னேன்?"

(அதற்கு மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.)

6

ஜேக்கப்புக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரங்கநாதன் தானாகப் பூசவில்லை. "அப்பா பல்லை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க அண்ணே, ஆசைப்படுவார்" என்று போன் செய்து சொன்னது ஜெஸ்லின். அப்பாவுக்கு ஒரு சந்தோஷம் என்று நினைத்தாள். அவர் அன்றைக்கு எதற்குப் பஸ்ஸுக்கு நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் யாரையோ பார்க்க என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆகவே முடிவுகள்:

அ. டெல்பின் ரங்கநாதனிடம் எடுத்தபடியே போடச் சொல்கிறாள். ஜேக்கப் கேட்கப் போனது அதைத்தான். ஆல்பத்தைப் புரட்டும் ஜெஸ்லின், "ஏம்மா மாத்தினீங்க?" என்கிறாள். டெல்பின்—

ஆ. டெல்பின் வெளுத்த படத்தையே போடச் சொல்கிறாள். ஜெஸ்லினுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறை ஆல்பத்தைத் திறக்கும்போதும் "இது என் பல்லா?" என்று டெல்பினுக்கு மட்டும் கேட்கிறது.

இ. இரண்டையும் போடச் சொல்கிறாள். (பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜெஸ்லின் கேட்கத்தான் செய்வாள். இது முடிவே இல்லை, தள்ளிப்போடல்.)

நான் எதையும் எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள், எடுத்தால் ரங்கநாதனிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம். ரங்கநாதன் கொடுத்தனுப்பிய இரண்டு படத்தையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். மேல்வரிசையில் வலப்பக்கத்து முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருக்கும். இரண்டு படத்திலும் அது அப்படியேதான் சாய்ந்திருக்கிறது.