பாலத்தின் நடுத் துண்டு

அந்த ஆண்டு மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே ஒரு பாலம் கட்டி, அதை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு வெட்டிக் கொடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த பாவத்துக்கு, நம் மாநிலத்துக்குக் கிடைத்தது ஒரு சின்னத் துண்டு. சரக்கு ரயிலில் வந்து இறங்கிய அதற்கு உதவிப் பொறியாளர் கலியபெருமாள் மாலை போட்டார்.

வந்தது பாலத்தின் நடுத் துண்டு. நடுத் துண்டை நடுவில்தானே வைக்க வேண்டும்? கொள்ளிடத்தின் நட்டநடுவில் தூண் எழுப்பி, அதன்மேல் வைத்தார்கள். பரிசலில் போய், ஏணியில் ஏறி, பாலத்தில் நடந்து, இறங்கி, இன்னொரு பரிசல் பிடித்தால் அக்கரை. கரையோடு சேரும் முனைகள் ஆறே இல்லாத ஒரு மாநிலத்துக்குப் போய்விட்டன. அங்கே ஜனம் அதிகம்.

கலியபெருமாளின் மனைவி செந்தாமரை அக்கரையில் தாய்வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். ஆஸ்பத்திரி இக்கரையில். வலி எடுத்து, பரிசலில் கொண்டுவந்து, நாற்காலியில் கட்டிப் பாலத்தின்மேல் இழுத்தபோது அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கலியபெருமாள் நர்ஸ் ரெஜினாவோடு கடைசிப் பரிசலில் வந்து ஏறினார். அதற்குமேல் எந்தக் கரைக்கும் பரிசல் போகவில்லை.

"என்னங்க, பாலம் ஆடுது."

"ஆடாது. டெல்லியில ஆட்டிப் பாத்துத்தான் அனுப்பியிருக்கான்."

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்ததைப் பார்த்துக் கலியபெருமாள் வாய்விட்டு அழுதார். ரெஜினா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மத்திய அரசு பாலத்துல பொறந்திருக்கு சார். அறுபது பங்கு அவங்களது, நாப்பது நம்மளது. அழுகை நம்ம பங்கு, வந்திருச்சு. சிரிப்பு அவங்க பங்கு."

"எப்ப வரும்?"

"விடுவிச்சா வரும்."

அதன்பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டையும் கலியபெருமாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ரயில்வே வந்தது, உரமானியம் வந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் சிரிப்பு வந்து சேர்ந்தது. செந்தாமரை அதை மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். அளவு கொஞ்சம் பெரிது.

"வளர்ற புள்ளதானே," என்று சொல்லி, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துத் தைத்து அனுப்பினாள்.