சகலையின் ஆமோதிப்பு

எங்கள் தெருவின் ஏற்றம் எப்படிப்பட்டதென்றால், என் வீட்டு வாசலில் ஒரு வெங்காயம் கைதவறி விழுந்தால் அது கீழே உருண்டு போய் பஸ்ஸும் ஏறிவிடும். கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கேட்டதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. வெங்காயத்துக்கு அரை டிக்கெட்தான்.

பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் மேலே போகிறது. நிற்பது மட்டும் கீழே. முழங்கால் வலி வந்ததிலிருந்து என் மனைவி வெளியே போவதையே விட்டுவிட்டாள். நாள் முழுக்க ஜன்னல்தான். வாசலிலேயே நிறுத்தம் கேட்டு பஸ் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி அம்மா, "வேணும்னு எல்லாரும்தான் கேக்கறாங்க. ஏன் வேணும்னு கட்டுரையா எழுதிக் குடுங்க ஐயா. வேண்டாம்னு சொல்றவங்க என்ன சொல்வாங்க, அதுக்கு உங்க பதில் என்ன, அதுவும் அதுல இருக்கணும்" என்றார்.

எழுதினேன். 'எதிர்ப்பவர்கள் பொறாமைக்காரர்கள், அவர்களுக்குப் பதில் தேவையில்லை.' திரும்பி வந்தது. 'பஸ் நின்றால் டயர் தேயும் என்பர் சிலர். மடமை' என்று மாற்றினேன். அதுவும் வந்தது, ஓரத்தில் சிவப்பு மையோடு: 'இப்படி யார் சொன்னார்? நிஜ ஆளைக் கேட்டு எழுதவும்.'

எதிர்த்துப் பேச ஆளில்லாத குடும்பமா எங்களுடையது? ஏற்றத்தின் உச்சியில் என் சகலை இருக்கிறான், மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஊரே மழை என்றால் குடையில்லாமல் நனைந்து வந்து, வேர்வை என்பான். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதற்காக மூடிக்கொண்டவன். பல் இன்னும் அங்கேயே இருக்கிறது. டாக்டர்தான் ரிடையர் ஆகிவிட்டார்.

மூச்சிரைக்க ஏறிப்போய்ப் படித்துக் காட்டினேன்.

"பிரமாதம் சகலை. ஒரு எழுத்து மாத்தாதே."

"எதிர்த்துப் பேசுடா! அதுக்குத்தான் ஏறி வந்தேன்."

"நீ கேட்டா நான் எதிர்த்திடணுமா? எனக்குன்னு ஒரு கொள்கை இல்லையா?"

காலமெல்லாம் ஓசியில் எதிர்த்தவன், தேவைப்பட்ட அன்றைக்குக் கடையை மூடிவிட்டான். மறுபடி ஏறினேன். தண்ணீர் கொடுத்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அவன் கழுத்து மேலும் கீழும்கூட ஆடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும்டா! நிறுத்தமே வேண்டாம்னு எழுதிக் குடுத்திடறேன்."

கழுத்து நின்றது. "ஏன் வேண்டாம்?"

"ஏத்தத்துல நின்னா பஸ் கிளம்பாது. மழையில பின்னால உருளும். உள்ள நிக்கறவன் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவான்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அத்தனையும் உண்மை.

"அதுக்காக வேண்டாம்னுடுவியா?" சகலை எழுந்தே விட்டான். "மூளை இருக்கா? சமதரையா பார்த்து நிறுத்தச் சொல்லு. மேல இருக்கே, என் வாசல் பக்கம்! அக்கா போகும்போது கீழ இறங்கிப் போய் ஏறட்டும். வரும்போது இங்க இறங்கி வீட்டுக்கு இறங்கட்டும். ஆயுசுக்கும் ஏத்தமே ஏற வேண்டாம்!"

அப்படியே எழுதினேன், என் எதிர்ப்பையும் அவன் பதிலையும். நிறுத்தம் வந்துவிட்டது, அவன் வாசலில்.

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முழங்கால் வலிக்கிறதே இறங்கும்போதுதான்."

எதிர்த்தரப்பு என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் மலையேறித் தேடியிருக்கிறேன்.

இப்போது போகும்போது மேல் நிறுத்தத்துக்கு ஏறுகிறாள். வரும்போது கீழே இறங்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறுகிறாள். உலகத்திலேயே போகவும் ஏற்றம், வரவும் ஏற்றம் என்று வாழ்கிறவள் அவள் ஒருத்திதான். தினமும் போகிறாள். பின்னால் பை தூக்கி, நாக்குத் தள்ள ஏறுகிறவன் நான்.

தன் வாசலில் பஸ் சத்தம் தாங்கவில்லை, நிறுத்தத்தை எடுக்க வேண்டும் என்று சகலை கட்டுரை எழுதியிருக்கிறான். அதிகாரி அம்மா எதிர்த்தரப்பு கேட்டாராம். நேற்று என்னிடம் படித்துக் காட்டினான்.

"பிரமாதம் சகலை" என்றேன். "ஒரு எழுத்து மாத்தாதே."