உள் பக்கம்

அண்ணியின் பழைய காரை எடுத்துப்போக, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி பழைய இரும்புக்கடைக்காரரிடம் அண்ணன் சொல்லிவிட்டான். அந்தக் காரில்தான் அண்ணி மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். கற்க வந்தவர்களின் கால்களெல்லாம் சேர்ந்து கிளட்ச் தட்டைத் தேய்த்துவிட்டன. மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

"நானே மாத்துறேன். தெருமுனை மேடு ஏறிட்டா வண்டி நம்ம வாசலை விட்டுப் போகாது," என்றாள் அண்ணி.

"ஏறட்டும், பாக்கலாம்," என்றான் அண்ணன்.

"நாத்தனாரே, கத்திரிக்கோலை வெச்சிட்டு வா!"

அண்ணி கூப்பிட, தையல் மெஷினை விட்டு எழுந்து போனேன். கியர்பாக்ஸை இருவருமாக மெல்ல இறக்கினோம். புதிய தட்டின் ஒரு முகம் மட்டமாக இருந்தது. மறுமுகத்தில் ஸ்பிரிங்குகளும் ஆணித் தலைகளும் புடைத்திருந்தன.

"பழசைப் பாத்து புதுசுல அடையாளம் போட்டுக் குடு."

சாக்பீஸால் நடுவில் 'உள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் முடுக்கி, இன்ஜினை எழுப்பி, அண்ணி கிளட்சை மிதித்தாள். கியர் விழவில்லை. நறநறவென்று கடித்தது. இரும்புக்கடைக்காரர் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"டீ குடிங்க, கொஞ்ச நேரந்தான்," என்றான் அண்ணன் அவரிடம், எங்களுக்குக் கேட்கும்படி.

அண்ணி என்னைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்துல உள்ளுன்னு எழுதின?"

"முடிச்சும் மடிப்புமா தெரியிற பக்கம். துணிக்கு அதுதானே உள் பக்கம்?"

"அடிப்பாவி! உள்ளுன்னா இன்ஜினைப் பாத்த பக்கம்னு நெனச்சு மாட்டிட்டேன்! அது கியர்பாக்ஸைப் பாக்கணும்டி!" திட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை, பட்டனுக்கு காஜா எடுக்காம விட்டியே."

மறுபடி கியர்பாக்ஸை இறக்கி, தட்டைத் திருப்பி மாட்டினோம். இம்முறை எந்த போல்ட் எங்கே என்று நான் கேட்கவில்லை.

மேட்டின் பாதியில் அண்ணி வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். கிளட்சைப் பாதி விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் சரியவில்லை. அப்படியே ஏறி உச்சியில் நின்றது.

பின்னாலேயே ஏறி வந்த இரும்புக்கடைக்காரர் கயிற்றைச் சுருட்டினார். "அப்போ வண்டி குடுக்கறதில்லையா?"

மூச்சிரைக்க வந்த அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "இதையா? நாங்களே கிளட்ச் மாத்தின வண்டிங்க இது!"

அண்ணி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "நாங்களா? நீங்க முடுக்குன போல்ட் எதுங்க?"

இரும்புக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"கையைக் கழுவிட்டு வா, கரியா இருக்கு," என்றான் அண்ணன் என்னிடம், பேச்சை மாற்ற.

நான் கழுவவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.